டாப் லிங்க் ஓட்டை ஏன் பெரிதானது? பழைய பில்லர் டிரில் ஒன்றைச் சரிசெய்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையோரம் இருக்கும் ஒரு வெல்டிங் பட்டறை. கேட், கிரில் வேலை வருஷம் முழுக்க வரும். ஆனால் கையில் காசு நிற்பது டிராக்டர் கல்டிவேட்டர் வேலையில்தான். சுற்றிலும் கரிசல் மானாவாரி. ஆடி பிறந்துவிட்டால் உழவுக் கருவிகள் வரிசையாக வந்து நிற்கும். புதுச் சட்டம் கட்டுவது, கொழு மாற்றுவது, டாப் லிங்க் பிளேட்டை (கருவியின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் தண்டு மாட்டும் தகடு) வெட்டித் துளை போடுவது என்று ஐப்பசி வரை ஓயாது.

துளை போட ஒரே ஒரு மெஷின். 25 மி.மீ. வரை போகும் பில்லர் டிரில், அதாவது தூணில் நிற்கும் துளை மெஷின். பெயர்த்தகடு எப்போதோ போய்விட்டது. வார்ப்பின் அமைப்பைப் பார்த்தால் ராஜ்கோட் பக்கத்துச் சரக்கு என்று தோன்றும். ஸ்பிண்டிலில் (டிரிலைப் பிடித்துச் சுற்றும் தண்டு) எம்டி-3 டேப்பர் (மோர்ஸ் டேப்பர் 3, டிரிலின் வால் இறுகி நிற்கும் கூம்புக் குழி), நான்கு படிப் புல்லி, 1440 ஆர்பிஎம் ஓடும் 1 எச்பி த்ரீ-ஃபேஸ் மோட்டார். செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதில் எண்ணெய் கண்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாணைக்கல் அதிலிருந்து நான்கடி தள்ளி இருந்தது. இந்த நான்கடி பின்னால் முக்கியமாகிறது.

வந்த புகார்

டாப் லிங்க் பின் 6 நூல் கனம், அதாவது 19 மி.மீ. அதற்குப் பட்டறையில் 19.5 டிரில் போட்டுத்தான் துளை எடுப்பார்கள். பிளேட் 12 மி.மீ. கனம். சில மாதங்களாக இந்தத் துளை 20.1, 20.3 என்று வந்துகொண்டிருந்தது. பின் ஒரு மி.மீ.க்கு மேல் ஆடினால் வயலில் ஒவ்வொரு முறை கலப்பையைத் தூக்கி இறக்கும்போதும் அடி விழும். ஒரே பருவத்தில் துளை முட்டை வடிவமாகிவிடும். இரண்டு கலப்பைகள் அப்படித் திரும்பி வந்தன.

கூடவே வேறு தொல்லைகளும் இருந்தன. டிரில் மாட்டிய ஸ்லீவ் (டிரிலின் வாலைக் குழியின் அளவுக்குப் பொருத்தும் கூம்பு உறை) ஓடும்போதே நழுவிக் கீழே விழுந்தது. தலைப்பகுதியில் ஒரு கரகரப்புச் சத்தம். மோட்டார் அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாதபடி சுட்டது. கைப்பிடியை விட்டால் ஸ்பிண்டில் தானாக இறங்கிவிடும் என்பதால், கைப்பிடியை ஒரு சைக்கிள் டியூபால் தலையோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

பட்டறை உரிமையாளர் அதற்குள் இரண்டு முறை சக் (டிரிலைக் கவ்வும் பிடி) மாற்றிப் பார்த்துவிட்டார். டிரில்களைச் சாணை பிடித்து வாங்கினார். எதுவும் மாறவில்லை. புது மெஷின் வாங்கலாமா என்ற யோசனையில் இருந்தபோதுதான், ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவரும் அவரோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவரும் அழைக்கப்பட்டார்கள்.

முதல் நாள்: அவசரத்தில் எடுத்த முடிவு

மெஷினை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் தலையில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்கள். கரகரப்பு தெளிவாகவே கேட்டது. ஸ்பிண்டிலைக் கையால் பக்கவாட்டில் அசைத்தபோது ஆட்டமும் தெரிந்தது. சத்தமும் இருக்கிறது, ஆட்டமும் இருக்கிறது என்றால் பேரிங்தான் என்று முடிவாயிற்று. ஸ்பிண்டிலைச் சுமந்து ஏறி இறங்கும் உருளையை, அதாவது குயிலை (பறவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), வெளியே எடுத்தார்கள்.

எடுக்குமுன் ரிட்டர்ன் ஸ்பிரிங்கை விடுவிக்க வேண்டும். கடிகாரத்து விசையைப் போலச் சுருண்டிருக்கும் பட்டைக் கம்பி இது. மூடியின் நட்டைக் கழற்றிவிட்டுக் கையை எடுத்தால் மூடி சுழன்று விரலை வெட்டிவிடும். தடித்த தோல் கையுறை போட்டு, மூடியை இறுக்கிப் பிடித்து, வெட்டு வெட்டாகப் பின்னோக்கி விட வேண்டும். இந்த மெஷினில் உள்முனைக் கொக்கி ஏற்கெனவே உடைந்திருந்ததால் விசை எதுவும் மிச்சமில்லை. சைக்கிள் டியூபுக்குக் காரணம் அதுதான். பாதி உடைந்திருந்தாலும் முழு விசையோடு இருப்பதாக எண்ணித்தான் கை வைக்க வேண்டும்.

குயிலின் அடியில் 51106 த்ரஸ்ட் பேரிங் (மேல்நோக்கி வரும் அழுத்தத்தைத் தாங்குவது), அதற்கு மேல் 6206 பால் பேரிங், உச்சியில் 6205, அதன்மேல் பூட்டு நட்டு. த்ரஸ்ட் பேரிங்கைக் கழற்றியதும் முதல் உண்மை வெளிவந்தது: அது தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது.

51106இல் இரண்டு வளையங்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் உள்விட்டம் 30 மி.மீ., மற்றது 32. முப்பது உள்ளது ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்ற வேண்டியது. ஸ்பிண்டிலின் தோள்மேல் உட்கார வேண்டும். முப்பத்திரண்டு உள்ளது சுற்றாமல் நிற்க வேண்டியது. குயிலின் அடிமுகத்தில் உட்கார வேண்டும். இங்கே இடம் மாறியிருந்ததால், சுற்றும் வளையத்தின் முதுகு குயிலின் முகத்தில் உரசி, பளபளவென்று ஒரு வட்டத் தடம் போட்டிருந்தது. அந்தத் தேய்மானம்தான் ஸ்பிண்டிலின் மேல்கீழ் ஆட்டம். பூட்டு நட்டை எத்தனை முறை இறுக்கினாலும் சில நாட்களில் ஆட்டம் திரும்பிவிடும் என்று உரிமையாளர் சொன்னதற்கும் இதுவே விடை. ஸ்பிண்டிலில் போட்டுப் பார்த்தால் எந்த வளையம் வழுவழுவென்று இறங்குகிறது, எது பிடித்து நிற்கிறது என்று பத்து வினாடியில் தெரிந்துவிடும்.

6206ஐ விரலில் மாட்டிச் சுற்றியபோது மணல் அரைபடுவது போல் இருந்தது. பழைய கிரீஸைத் துணியில் வழித்து வெயிலில் பிடித்தால் சாணைத் தூள் மினுமினுத்தது. நான்கடி தள்ளியிருந்த சாணைக்கல்லின் பொறி இத்தனை வருஷமாக இங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூன்று பேரிங்கும் மதுரை வெளி வீதிக் கடையில் வாங்கப்பட்டன. குயிலின் உரசல் தடத்தைப் பக்கத்து லேத்தில் சுத்த நேராக வரும்வரை மெலிதாகச் சீவி எடுத்தார்கள். 6206ஐ ஸ்பிண்டிலில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி குழாய்த் துண்டு வைத்துத் தட்டினார்கள். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். புது பேரிங்கே அன்றைக்கே சத்தம் போடும். கழற்றிய 6205இல் அப்படிப் பதிந்த பள்ளங்கள் வரிசையாக இருந்தன. முன்பு மாட்டியவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஏபி3 கிரீஸ் பேரிங்கின் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குதான் வைக்கப்பட்டது. நிறைய அடைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். அடைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடாகும், அவ்வளவுதான்.

மாலை ஐந்து மணிக்கு மெஷின் ஓடியது. கரகரப்பு அப்படியே இருந்தது. சோதனைத் துளை 20.15.

அப்போதுதான் பட்டறையில் ஒத்தாசையாக இருக்கும் பையன் வாய் திறந்தான்: "பெல்ட்ட லூசு பண்ணுனா சத்தம் கொறையும்ண்ணே. காலையிலயே சொல்லலாம்னு இருந்தேன், நீங்க கேக்கல."

இரண்டாம் நாள்: பெல்ட்டைக் கழற்றியபின்

பையன் சொன்னது நேராக நோயின் இடத்தைக் காட்டியது. இந்த வகை மெஷினில் ஸ்பிண்டில் புல்லி ஸ்பிண்டில்மேல் உட்காருவதில்லை. தனியாக ஒரு தடித்த புஷ்மேல் (குழாய் போன்ற உருளை) உட்கார்ந்து, தலையிலேயே பொருத்திய இரண்டு பேரிங்கில் சுற்றும். பள்ளங்கள் வெட்டிய ஸ்பிண்டில் அந்தப் புஷ்ஷுக்குள் ஏறி இறங்கும். ஆகவே பெல்ட்டின் இழுப்பு முழுவதும் புஷ் பேரிங்குகளுக்குத்தான் போகும். குயிலுக்குள் இருப்பவற்றுக்கு அது தெரியவே தெரியாது. பெல்ட்டைத் தளர்த்திச் சத்தம் குறைந்தால் மேலே பார்க்க வேண்டும். டிரிலை அழுத்தும்போது சத்தம் கூடினால் கீழே.

பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓடவிட்டார்கள்: சத்தமில்லை. புல்லியைக் கையால் சுற்றினார்கள்: ஒவ்வொரு கால் சுற்றிலும் தடுக்கியது. அங்கே இருந்தவை இரண்டு 6207, இரண்டும் போயிருந்தன.

ஏன் போயின என்பதற்குப் பதில் பெல்ட்டில் இருந்தது. புல்லியின் பள்ளம் பி-வகை பெல்ட்டுக்கானது: மேலகலம் 17 மி.மீ., கனம் 11. மாட்டியிருந்தது ஏ-வகை, 13க்கு 8. வி-பெல்ட்டுக்குப் பிடிப்பு பக்கவாட்டுச் சரிவுகளில் ஆப்புபோல் இறுகுவதால் வருகிறது. சின்ன பெல்ட் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். சரிவுகளைச் சரியாகத் தொடாது. புல்லிப் பள்ளத்தின் அடித்தளம் கண்ணாடிபோல் மின்னினால் அதுதான் அடையாளம். வழுக்குகிறதே என்று மோட்டாரை இழுத்து இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். அந்த இழுப்பு 6207களைத் தின்றது, மோட்டாரின் பேரிங்கையும் சுட்டது. கிளாம்ப் மீட்டரில் துளை போடாமல் ஓடும்போதே 1.7 ஆம்பியர் காட்டியது. 415 வோல்ட்டில் 1 எச்பி மோட்டாரின் முழுச் சுமை கரண்டே ஏறக்குறைய 1.8 தான்.

அளவெடுப்பு

இனி ஊகம் வேண்டாம் என்று 0.01 மி.மீ. டயல் கேஜும், கப்பலூர் தொழிற்பேட்டை லேத் பட்டறை ஒன்றிலிருந்து கடன் வாங்கிய எம்டி-3 டெஸ்ட் பாரும் (குழியில் மாட்டி அளக்கும் நேரான தண்டு) வந்தன. மெயின் சுவிட்சை அணைத்து, ஸ்பிண்டிலைக் கையாலேயே சுற்றி அளந்தார்கள்.

முதலில் பார் இல்லாமல், ஸ்பிண்டில் மூக்கின், அதாவது கீழ்முனையின் வெளிப்பக்கம். அவுட், அதாவது ஒரு சுற்றில் டயல் காட்டும் கோணல், 0.02. ஸ்பிண்டில் வளையவில்லை, நேற்று போட்ட பேரிங்கும் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்து டேப்பரைத் துடைத்து, பாரை ஏற்றினார்கள். மூக்கை ஒட்டி 0.11. அங்கிருந்து 150 மி.மீ. கீழே 0.38.

வெளிப்பக்கம் 0.02, உள்ளே மாட்டிய பார் 0.38. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பார் கோணலா, குழி கோணலா என்று பார்க்க, அவுட் அதிகமாகக் காட்டிய இடத்தில் ஸ்பிண்டிலில் ஒரு சாக்பீஸ் கோடு, பாரில் ஒரு கோடு போட்டு, பாரை எடுத்து அரைச் சுற்று திருப்பி மாட்டினார்கள். மேடு ஸ்பிண்டில் கோட்டிலேயே நின்றது. பாரோடு நகரவில்லை. ஆக, கோணல் டேப்பர் குழியில்.

விரலை உள்ளே விட்டுத் தடவியபோது, வாயிலிருந்து இரண்டு செ.மீ. உள்ளே ஒரு பிசிறு தட்டுப்பட்டது. டார்ச் அடித்தால் இரண்டு வட்டக் கீறல்கள், ஓரம் தூக்கியபடி. இது எப்படி வந்திருக்கும் என்று சொல்வது கடினமல்ல. 19.5 டிரிலின் வால் எம்டி-2. அதற்கு 2-க்கு-3 ஸ்லீவ் வேண்டும். ஸ்லீவின் வால்நுனி முறுக்கி உடைந்திருந்தது. தூசியோடு மாட்டியதால் பிடிக்காமல் உள்ளே சுற்றி, சுற்றியதில் பிசிறு எழும்பி, பிசிறால் அடுத்த முறை இன்னும் பிடிக்காமல், இப்படியே போயிருக்கிறது. கழற்றுவதற்கு டிரிஃப்ட் ஆப்பு இல்லாமல் உளியைப் பக்கவாட்டில் விட்டு அடித்த தழும்புகளும் இருந்தன. சக் எத்தனை முறை மாற்றினாலும் மாட்டுவது இதே குழியில்தானே.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொன்னால்: குயிலை 100 மி.மீ. இறக்கி முன்பின்னாக அசைத்தால் 0.25 ஆட்டம். டயலை ஸ்பிண்டிலில் மாட்டி மேஜைமேல் 200 மி.மீ. வட்டம் சுற்றினால் முன்பக்கம் 0.6 தாழ்ந்திருந்தது, சாய்வு மேஜையின் நிலைநிறுத்தும் பின் காணாமல் போயிருந்தது. டிரிலைக் கேஜில் வைத்தால் ஒரு வெட்டுமுனை மற்றதைவிட 0.8 மி.மீ. நீளம். துளை போடும்போது ஒரு பள்ளத்தில் மட்டும் சுருள் வருவதைக் கண்ணால் பார்த்தாலே இது தெரியும்.

டிரிலின் குற்றம் எவ்வளவு, மெஷினின் குற்றம் எவ்வளவு என்று பிரிக்க ஒரு எளிய சோதனை செய்தார்கள். டிரிலை 118 டிகிரியில், முனைகள் சமமாக வரும்படி சாணை பிடித்து, கப்பலூரில் நல்ல நிலையில் உள்ள மெஷினில் ஒரு துளை. திரும்பி வந்து இங்கே ஒரு துளை. அங்கே 19.68. இங்கே 20.12. புது டிரிலே பத்து, இருபது பாயிண்ட் (0.1, 0.2 மி.மீ.) பெரிதாகப் போடுவது இயல்பு. அதற்கு மேல் இருப்பது மெஷினுடையது.

எடுத்த முடிவுகள்

புது ஸ்பிண்டில் செய்வதா, டேப்பரை ரீமர் (குழியின் உட்புறத்தை மெலிதாகச் சீவும் பல்கருவி) போட்டு மீட்பதா? ரீமர் போட முடியுமா என்பதை அரத்தின் ஓரத்தை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தே முடிவு செய்தார்கள். அரம் கடித்தது, ஸ்பிண்டில் கடினப்படுத்தாதது. வழுக்கியிருந்தால் ரீமரின் பல்தான் போகும். அப்படியானால் மேடுகளை மட்டும் எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஸ்பிண்டிலைக் கப்பலூருக்குக் கொண்டுபோனார்கள். முந்தைய நாள் ஏற்றிய 6206ஐக் கழற்றவில்லை. பிளாஸ்டிக் உறை சுற்றி டேப் ஒட்டினார்கள், ரீமர்த் தூள் உள்ளே போகாமல். லேத்தில் மேல்முனையைச் சக்கிலும், மூக்கின் வெளிப்பக்கத்தை ஸ்டெடி ரெஸ்ட் என்ற தாங்கியிலும் பிடித்து, அவுட்டை 0.01க்குள் கொண்டுவந்தார்கள். எம்டி-3 ஃபினிஷிங் ரீமரின் பின்புறம் லேத்தின் எதிர்முனையான டெயில்ஸ்டாக் சென்டரில். லேத் மோட்டாரைப் போடவில்லை. ரீமரைக் கையால், ஒரே திசையில் மட்டும் சுற்றினார்கள். பின்னோக்கிச் சுற்றினால் தூள் இடுக்கில் மாட்டிப் புதுக் கீறல் போடும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எடுத்து, பிரஷ்ஷால் தூளைத் தட்டி, பாரில் நீளவாக்கில் மூன்று கோடு நீலச்சாயம் தடவி, உள்ளே விட்டு லேசாகத் திருப்பி எடுத்துப் பார்த்தார்கள். முதல் முறை சாயம் வாய்ப்பக்கம் ஒரு திட்டும், உள்ளே ஒரு பக்கம் ஒரு கோடும் மட்டுமே அழிந்திருந்தது. ஐந்தாவது முறை முக்கால் பங்குக்கு மேல் ஒரே சீராக. அதோடு நிறுத்தினார்கள். கீறல்களின் அடி இன்னும் தெரிந்தது. பள்ளம் இருந்தால் கெடுதல் இல்லை, மேடுதான் கூடாது.

இன்னும் கொஞ்சம் எடுத்தால் கீறலே போய்விடுமே என்று லேத்காரர் கேட்டார். ஃபிட்டர் மறுத்ததற்குக் காரணம் கணக்கு: இந்த டேப்பரின் சரிவு இருபதுக்கு ஒன்று. விட்டத்தில் 0.05 எடுத்தால் ஸ்லீவ் ஒரு மி.மீ. மேலே ஏறும். ஏற ஏற, வால்நுனிக்கு மேலே டிரிஃப்ட் நுழையும் இடைவெளி குறையும். பிறகு ஸ்லீவைக் கழற்ற மறுபடி உளிதான்.

ஸ்லீவைக் காப்பாற்ற முயலவில்லை. வெளிப்புறம் முழுக்கக் கீறல். அதைச் சரியான குழியில் மாட்டினால் குழியும் கெடும். புதுசு ஒன்று வாங்கப்பட்டது.

குயிலின் 0.25 ஆட்டத்தை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. இளைஞர் தலையின் துளையை ஹோனிங் செய்து (உள்ளே தேய்த்துச் சீராக்கி), குயிலுக்கு குரோம் ஏற்றலாம் என்றார். செலவு மெஷினின் விலையைத் தொடும் என்பதால் கைவிடப்பட்டது. தலையில் இருந்த பிளவுப் பிடியின் போல்ட்டை, குயில் கையால் வழுக்கி இறங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, 0.12க்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் இறுக்கினால் ஃபீட் கனத்துப்போகும். கைப்பிடியில் டிரிலின் உணர்வே தெரியாது.

பொருத்தியது

புஷ்ஷுக்கு இரண்டு 6207, இருபக்கமும் தகடு மூடியவை. சாணைத் தூள் பறக்கும் இடத்தில் திறந்த பேரிங் போடுவதில் அர்த்தமில்லை. பி-வகை பெல்ட், பழைய பெல்ட்டின் நீளத்தை நம்பாமல் புல்லிகளைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்து வாங்கியது. இழுப்பு: புல்லிகளுக்கு இடையே பெல்ட் ஓடும் நீளம் 350 மி.மீ.; நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஆறு மி.மீ. போல் உள்வாங்க வேண்டும். நூறு மி.மீ. நீளத்துக்கு 1.6 என்பது கணக்கு.

பூட்டு நட்டை ஆட்டம் போகும்வரை இறுக்கி, ஒரு துளி பின்வாங்கி, இரண்டாம் நட்டால் பூட்டினார்கள். மேல்கீழ் ஆட்டம் 0.02. கையால் சுற்றினால் எங்கும் தடுக்காமல் ஓடியது. இருபது நிமிடம் ஓடவிட்டுக் குயிலைத் தொட்டபோது வெதுவெதுப்புதான்.

ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் உடைந்த முனையில் மூன்று செ.மீ. மட்டும் கேஸ் விளக்கில் பழுக்கக் காய்ச்சி, தானாக ஆறவிட்டு, புதுக் கொக்கி வளைத்தார்கள். சூடு அதற்கு மேல் ஏறினால் விசை போய்விடும் என்பதால் மீதிச் சுருளை ஈரத்துணியால் மூடினார்கள். மூன்று சுற்று முறுக்கியதும் குயில் தானாக மேலேறி நின்றது. சைக்கிள் டியூப் விடுதலை.

மேஜையை நேராக்கி, போல்ட் இறுக்கி, துளை போட்டு எட்டு மி.மீ. டேப்பர் பின் அடித்ததில் 200 மி.மீ.க்கு 0.08 வந்தது.

மின்சாரப் பக்கம் இரண்டு குறை. மெஷின் உடலுக்கு எர்த் கம்பியே இல்லை. அதைவிட, ஸ்டார்ட்டர் இல்லாமல் வெறும் ரோட்டரி சுவிட்ச். கரண்ட் போய் வந்தால் யார் கை எங்கே இருந்தாலும் மெஷின் தானாக ஓடும். எர்த் இழுத்து, நோ-வோல்ட் காயில் உள்ள டிஓஎல் ஸ்டார்ட்டர் (கரண்ட் போய் வந்தாலும் பொத்தானை அழுத்தாமல் ஓடாது) பொருத்தி, ஓவர்லோட் ரிலேயை 1.9 ஆம்பியரில் வைத்தார்கள்.

துளை போடும் முறையும் மாறியது

மெஷின் சரியானபின்னும், முதல் நாள் துளை போடும்போது 12 மி.மீ. கனப் பிளேட்டை டிரில் கடைசி ஒரு மி.மீ.யில் கவ்வி இழுத்தது. காரணம் பட்டறையின் பழக்கம். முதலில் 12 மி.மீ. டிரிலில் துளை போட்டு, பிறகு 19.5 போடுவார்கள். பெரிய துளைக்குள் இறங்கும் டிரிலின் நடுமுனைக்குப் பிடிப்பே இல்லை. வெளி ஓரங்கள் மட்டும் கடித்து, மறுபக்கம் வெளிவரும்போது திருகாணிபோல் உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்பு ஸ்பிண்டிலின் மேல்கீழ் ஆட்டம் இதற்குத் துணை போயிருக்கிறது. முன்துளை டிரிலின் நடுத்தண்டுக் கனம் அளவே இருந்தால் போதும். 19.5க்கு மூன்று, மூன்றரை மி.மீ.

வேகம் இன்னொன்று. பெல்ட் மூன்றாவது படியில், 700 ஆர்பிஎம்மில், எப்போதும் கிடந்தது. மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. 19.5 டிரிலுக்கு அது நிமிடத்துக்கு 43 மீட்டர். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரிலுக்கு மைல்ட் ஸ்டீலில் 25, 30 மீட்டர்தான் தாங்கும். டிரிலின் ஓரங்கள் நீலம் பாய்ந்து மழுங்கியிருந்தது அதனால்தான். இரண்டாம் படி, 440 ஆர்பிஎம், 27 மீட்டர். மூடியின் உட்பக்கம் எந்த டிரிலுக்கு எந்தப் படி என்று பெயிண்டில் எழுதி வைத்தார்கள்.

பிளேட்டைக் கையால் பிடிப்பது நிறுத்தப்பட்டு, மேஜைப் பள்ளத்தில் போல்ட் போட்டுக் கிளாம்ப் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. துளை போடும்போது கையுறை கூடாது என்பதும் சுவரில் எழுதப்பட்டது. ஸ்பிரிங் கழற்றும்போது போட்ட அதே கையுறை, சுற்றும் ஸ்பிண்டில் பக்கம் போனால் கையையே இழுத்துவிடும்.

விளைவு

ரீமர் போட்டு எல்லாம் பொருத்தியபின் பாரின் அவுட் மூக்கில் 0.02, 150 மி.மீ.யில் 0.05. துளை 19.7லிருந்து 19.75க்குள். சுமையில்லாமல் மோட்டார் 1.1 ஆம்பியர். பேரிங், பெல்ட், ஸ்லீவ், லேத் கூலி, ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்த்து ரூ.6,400 ஆனது. வேலை நான்கு நாள். அதில் ஒரு நாள் தேவையே இல்லாதது.

ஆடி, ஆவணி இரண்டு மாதம் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. புரட்டாசியில் மறுபடி அளந்தபோது 150 மி.மீ.யில் 0.06. ஸ்லீவ் ஒரு முறையும் விழவில்லை. புது பெல்ட் கொஞ்சம் நீண்டிருந்தது, இழுப்பு சரிசெய்யப்பட்டது. இதை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும், புது பெல்ட் ஓடி அமரும் காலம் அதுதான். திரும்பி வந்த இரண்டு கலப்பைகளுக்கும் பிளேட் மாற்றிக் கொடுத்தாயிற்று.

அடுத்த முறை மாற வேண்டியவை

பெல்ட்டைக் கழற்றுவதற்கு இரண்டு நிமிடம். அதை முதல் நாள் காலையில் செய்திருந்தால் சத்தத்தின் இடம் அப்போதே தெரிந்திருக்கும். குயிலைத் திறந்தது வீண் என்று சொல்ல முடியாது. த்ரஸ்ட் பேரிங் தலைகீழாக இருந்தது அதனால்தான் தெரிந்தது. ஆனால் திறக்குமுன் டயலைப் போட்டு மூக்கு, பார் இரண்டையும் அளந்திருந்தால், ஸ்பிண்டிலை ஒரே முறை வெளியே எடுத்து, பேரிங்கும் ரீமரும் ஒன்றாக முடிந்திருக்கும். முதல் நாளின் 20.15 எந்தக் குறையால் எவ்வளவு வந்தது என்பதற்குக் கணக்கும் இருந்திருக்கும். அளக்காமல் மாற்றிய மூன்று பேரிங்குகளின் பழைய ஆட்டம் எவ்வளவு என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

மெஷினில் தினம் நிற்பவரிடம் முதலில் பேசுவது. உரிமையாளர் சொன்ன புகார்கள் எல்லாம் விளைவுகள். எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதைச் சொன்னது பையன் மட்டுமே.

சாணைக்கல் இப்போது மேற்குச் சுவர்ப் பக்கம் போயிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தகரத் தடுப்பு. ஸ்லீவும் டிரிஃப்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி மெஷின் தூணிலேயே ஒரு கொக்கியில் தொங்குகின்றன. மாட்டுமுன் டேப்பரைத் துடைக்கத் துணி சுற்றிய மரக்குச்சி ஒன்று பக்கத்தில் இருக்கிறது. குயிலின் 0.12 ஆட்டம் அப்படியேதான் உள்ளது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும், 0.2 தாண்டினால் தலையை என்ன செய்வது என்று அப்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.